எதிர்க்குழாய்

மைக் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான். "ஆட்டோவுல உட்கார்ந்து விளம்பரம் சொல்லும்போது வெண்ணெய் மாதிரி வருதுண்ணே. கோயில் பொட்டல்ல மைக்கை வாங்கினா நாக்கு சுருட்டிக்கிருது. ஏன்?" இதற்கு மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதையெல்லாம் பல வருடம் தின்று பார்த்தவன் நான். கோளாறு தொண்டையில் இல்லை, நாக்கிலும் இல்லை. காதில் இருக்கிறது.

இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் அதை வைத்து என்ன செய்தேன் என்பதையும் சொன்னால்தான் பாடம் முழுசாகும்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சாபீஸில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். தினக்காலண்டர் தாளின் பின்பக்கம் இருக்கும் ராசிபலனைச் சத்தமாக வாசித்துக்கொண்டே அடுக்குவேன். காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த மைக்செட் முதலாளி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "உனக்கு ழ வருதேய்யா!" என்று ஆச்சரியப்பட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் வாளைப்பளம் ஆகிவிடும், மழை மளையாகிவிடும். என் வாயில் மட்டும் ழ தனியாக நின்றது. படிப்பில்லாத எனக்கு அது ஒரு சர்டிபிகேட் மாதிரி.

சுபாவத்தில் நான் பயந்தாங்கொள்ளி. அறிவிப்புச் சீட்டை ஒன்பது தடவை பார்ப்பேன். பேரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ, ஃபியூஸ் போய்விடுமோ, மழை பெய்து நம்மைத் திட்டுவார்களோ என்று மேடை ஏறும் வரை பயந்துகொண்டே இருப்பேன். இத்தனை பயத்தையும் தாங்கிக்கொண்டு நின்றதற்குக் காரணம், மைக் என் கையில் இருக்கும்வரைதான் ஊரில் என்னை 'வாங்க' என்பார்கள் என்ற எண்ணம்.

கூம்பு ஸ்பீக்கரை எங்கள் தொழிலில் குழாய் என்போம். தெருக்களைப் பார்த்து வெளிமுகமாகக் கட்டிய குழாய்களால் மைக்காரனுக்குத் தொந்தரவில்லை. பொட்டலின் மறுகோடியில், பின்வரிசை ஜனத்துக்காக, மேடையைப் பார்த்தபடி ஒரு குழாய் கட்டுவோம். அதுதான் எதிர்க்குழாய். நான் ஒரு வார்த்தையை முடித்து அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறக்கும்போது, முதல் வார்த்தை இருநூறு அடி தாண்டி வந்து என் முகத்தில் அடிக்கும். உடனே நாக்கு நின்றுவிடும். சொன்னதையே திரும்பச் சொல்லும். இழுக்கும்.

செல்போன் பெரிய முதலாளிகள் கையில் மட்டும் இருந்த காலம். எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பங்குனிப் பொங்கல். பொட்டல் பெரிது, எதிர்க்குழாயும் புதுசு. "முளைப்பாரி ஊர்வலம்" என்று சொல்ல வேண்டும். "முளைப்பா... பாரி... பாரீ ஊர்... ஊர்வல..." என்று வந்தது.

"ஏலே, மைக்காரரு காலையிலேயே ஊத்திட்டாருலே!" என்று ஒரு குரல்.

"ஒரு சோடா குடுங்கய்யா, முளைப்பாரி தொண்டையில சிக்கிருச்சு!" என்று இன்னொன்று.

பொட்டலே சிரித்தது. டீயைத் தவிர எதையும் தொடாதவன் நான். தண்ணீர் குடிக்கிறேன் என்று மைக்கை ஆம்பிளிஃபயர் மேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஆம்பிளிஃபயர் பக்கத்தில் இருந்தவன் காளிராஜ், எங்கள் செட்டின் வயர்மேன். முன்பு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவன். என்னைவிட நாலு வயது இளையவன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். கடுமையான திக்குவாய். டீக்கடையில் 'டீ' என்று சொல்ல வராமல் விரலைக் காட்டுவான். மைக் டெஸ்ட் பண்ணச் சொன்னால் தட்டுவான், ஊதுவான், 'ஹலோ' மட்டும் சொல்லமாட்டான். அவன்மேல் எனக்கு நிரம்பப் பிரியம். பிரியம் வைக்க வசதியான ஆள். எனக்கு ஒருநாளும் போட்டிக்கு வரமாட்டான்.

அந்த நேரம் ஒரு பெண் மேடைக்கு ஓடிவந்து, பிள்ளையைக் காணவில்லை என்று கதறினாள். காளிராஜ் என்னைத் தேடினான். நான் தண்ணீர்க் குடத்துப் பக்கம் நின்றேன். அவன் மைக்கை எடுத்தான்.

"பச்சப் பாவாடை கட்டின நாலு வயசுப் பிள்ள ஒண்ணு காணல. எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க. குனிஞ்சு பக்கத்துல பாருங்க. பிள்ள தனியா நின்னாத் தூக்கிட்டு மேடைக்கு வாங்க."

ஒரு திக்கல் இல்லை. நிதானமாக, கிணற்றில் வாளி இறங்குவது மாதிரி வந்தது. எதிர்க்குழாய் அவன் சொன்னதையே திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. அது அவனை ஒன்றும் செய்யவில்லை. பிள்ளை கிடைத்தது. "இந்த அண்ணாச்சியே பேசட்டும்ப்பா!" என்று கூட்டம் கத்தியது. என் வாயில் இருந்த தண்ணீரை நான் விழுங்கவே இல்லை.

முப்பது வருடமாக வாய் திறக்காத ஒருவன் பேசிவிட்டான். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். இந்த வார்த்தையை மெருகுபூசிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடிவயிற்றில் உண்மையாகவே எரிந்தது.

"எப்படிப்பா?" என்று திரும்பும்போது வேனில் கேட்டேன். அவன் பழையபடி திக்கித் திக்கித்தான் பதில் சொன்னான். சேர்த்து எழுதினால் இவ்வளவுதான்: "கூட ஒருத்தர் சேர்ந்து பேசுத மாதிரி இருக்குண்ணே. ஒத்தையாப் பேசினாத்தான் அடைக்குது."

அதன்பிறகு பொட்டல் நிகழ்ச்சி எல்லாம் அவனுக்கு என்றாகிவிட்டது. எனக்கு ஆட்டோ விளம்பரமும் ஆம்பிளிஃபயரும். முதலாளியிடம் போய் நின்றேன்.

"அவனுக்கு ழ வரல முதலாளி. மளைங்கான், வளிங்கான். நம்ம செட்டு பேரு கெட்டுப்போகும்."

"வளின்னா சனத்துக்கு வளி தெரியுதா இல்லையா?"

"தெரியுது. இருந்தாலும்..."

"தெரிஞ்சாச் சரி. ஒங்க ழவ ஆட்டோவுல வச்சு ஓட்டுங்க."

அவன் பேசும்போது நான் கீழே ஆம்பிளிஃபயர் பக்கம் நின்று அவனுடைய ள-க்களை எண்ணுவேன். ஒரு நாள், என் உதடும் அவனோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் புலம்பியபோது என் மனைவி, "அவருக்கு இப்பத்தான் வாய் தெறந்திருக்கு. ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" என்றாள். எனக்கு என்ன குறைந்தது என்று எனக்குத்தான் தெரியும். பொட்டலில் யாரும் என்னை 'வாங்க' என்று சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு செய்யும் வெடி ஆபீஸ் வேலையாட்களுக்குக் காது பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. அதற்கு ஆட்டோ விளம்பரம் நான். மத்தியானம் கூட்டம் குறைந்ததும், பரிசோதனை செய்ய மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். என் பிரச்சனையை என் பிரச்சனை என்றும், காளிராஜின் அதிசயத்தை யாரோ ஒருவருடையது என்றும் சொன்னேன்.

அவர் சிரிக்காமல் கேட்டார். "உங்க நாக்கு பிரமாதமா இருக்குங்க. பேசும்போது மூளை வாய்க்கு மட்டும் உத்தரவு போடுறதில்ல. 'இன்ன சத்தம் இப்ப வரப்போகுது'ன்னு காது பக்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வச்சிருது."

"லோடு கிளம்புறதுக்கு முன்னால கடைக்குத் தகவல் போகுமே, அந்த மாதிரியா?"

"அதேதான். தகவல் சொன்ன நேரத்துக்கு லோடு வந்தா ஒரு குழப்பமும் இல்ல, வாய் அடுத்த வார்த்தைக்குப் போயிரும். உங்க எதிர்க்குழாய் என்ன பண்ணுது? லோடை லேட்டாக் கொண்டுவந்து இறக்குது. மூளை, 'சொன்னது இன்னும் போய்ச் சேரலையோ'ன்னு மறுபடி அனுப்புது. நாக்கு தடுமாறுது."

"அப்ப திக்குவாய்க்காரர் மட்டும் எப்படி..."

"திக்குறவங்கள்ல சிலருக்கு, எல்லாருக்கும் இல்ல, அந்தக் கணக்கு முதல்லயே வேற மாதிரி ஓடுது. லேட்டா ஒரு குரல் கூட வந்தா, இல்ல இன்னொருத்தர் சேர்ந்து பேசினா, சரளமா வருது. ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. அடுத்தவர் பேசுறதைக் கேட்கும்போது நம்ம வாயும் உள்ளுக்குள்ள தயாராகுதுன்னு சொல்றாங்க. காதும் வாயும் தனித்தனி ஆபீஸ் இல்லீங்க."

என் உதடு அசைந்ததற்குக் காரணம் கிடைத்தது. மேடைக்கடியில் ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர் வைத்து, என் குரல் உடனே என் காதில் விழும்படி செய்துகொண்டால் தடுமாற்றம் குறையும் என்றும் சொன்னார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எதிர்க்குழாயைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள். இவ்வளவுதான் வைத்தியம். அன்றைக்கே இதை முதலாளியிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் பேசிப் பிழைத்திருப்போம்.

நான் ஆட்டோவில் திரும்பி வரும்போது என் மனதில் நின்றது வேறொன்று. எதிர்க்குழாய் இல்லையென்றால் அவனால் பேச முடியாது.

ஆடிப் பொங்கலுக்கு இன்னொரு ஊர். பொட்டலுக்குக் கிழக்கே கோயில். மேற்கே ஒரு வண்டிப்பாதை. அதில் கொஞ்ச தூரம் போனால் ஒரு வெடி ஆபீஸின் சரக்கு ஷெட். பொங்கல் என்பதால் ஆபீஸுக்கு லீவு. சாயங்காலம் நாலு மணிக்கு வழுக்குமரம் ஏறுகிறவர்களின் பேர் வாசிக்க வேண்டும். பேர்தான் திக்குவாய்க்காரர்களுக்கு ரொம்பக் கஷ்டம். பேரில் திக்கினால் யாருக்கு என்ன நஷ்டம், நாலு பேர் சிரிப்பார்கள், மைக் என் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன்.

காளிராஜ் சாப்பிடப் போயிருந்தான். மேடைக்குப் பின்னால் மூங்கிலில் எதிர்க்குழாய் லைனின் இணைப்பு இருந்தது. டேப்பைப் பிரித்து வயரைக் கழட்டி விட்டேன். தெருக்குழாய்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே மேடை ஏறினான். அதே நேரம் ஒருவர் மொபெட்டில் பறந்து வந்தார்.

"மேக்க புல்லுல தீ! ஷெட்டைப் பாத்து வருது! ஒரு சனத்தையும் அங்கிட்டு விட்டுராதீக! சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க!"

தம்பி தங்கைகளே, மூங்கிலுக்கு நாலே எட்டு. வயரைத் திரும்ப முறுக்க அரை நிமிஷம். நான் போகவில்லை. போனால் ஏன் போனாய் என்று யாராவது கேட்பார்களோ என்ற பயம். இல்லை, அதுவும் பொய். அவன் எப்படித் திக்குகிறான் என்று பார்க்க வேண்டும் என்று இருந்தது.

காளிராஜ் மைக்கை எடுத்தான். "மேக்க போகாதீக" என்று சொல்லப் போனான்.

"மேக்க போ..."

அங்கேயே சிக்கிக்கொண்டது.

"மேக்க போ... போ... போ... போ..."

கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் செருகுகிறது, 'காதீக' மட்டும் வரவில்லை. தெருக்குழாய் அத்தனையும் ஊர் முழுக்க "மேக்க போ, போ, போ" என்று கத்துகின்றன.

"மேக்க போகச் சொல்லுதாகப்பா! எந்திரி, எந்திரி!"

"பிள்ளையத் தூக்குடீ!"

கூட்டம் எழுந்து மேற்கே திரும்பியது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு நொடிதான், ஆனால் வந்தது. அடுத்த நொடி, தோளில் பிள்ளையோடு மேற்கே ஓடிய ஒரு ஆளின் முதுகைப் பார்த்தேன். மேடையில் ஏறி அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"கிழக்கே வாங்க. எல்லாரும் கிழக்கே வாங்க. கோயில் பக்கம் வாங்க. ஓட வேண்டாம், நடந்து வாங்க. கிழக்கே, கோயிலுக்கு வாங்க."

எதிர்க்குழாய் இல்லாததால் என் குரல் கண்ணாடி மாதிரி போனது. கிழக்கேயில் இருக்கும் ழ-கூட அப்பழுக்கில்லாமல் விழுந்தது. ஜனம் நின்றது, திரும்பியது. திரும்பிய நெரிசலில் ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. கூட்டம் கோயிலை அடைந்து கொஞ்ச நேரத்தில் ஷெட் வெடித்தது. ஓட்டுச் சில்லெல்லாம் வண்டிப்பாதையில் வந்து விழுந்தது. அங்கே அப்போது யாரும் இல்லை.

இதில் தொழிலுக்கு ஒரு பாடம் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பேச்சில் 'வேண்டாம்' என்பது கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் ஜனம் நகர்ந்துவிடும். ஆபத்தில் போகக்கூடாத திசையின் பேரை வாயில் எடுக்காதீர்கள். போக வேண்டிய திசையை மட்டும் சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

எனக்குத் துண்டு போர்த்தினார்கள். "வாய்னா அது வாய்யா! அந்தத் திக்குவாய நம்பியிருந்தா இன்னேரம் ஊரே போயிருக்கும்" என்றார் ஊர்ப் பெரியவர். காளிராஜ் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். முதலாளி என் தோளைத் தட்டி, "பொட்டல் மைக் இனிமே ஒங்களுக்குத்தான்யா" என்றார். நான் ஆசைப்பட்டது எல்லாம் ஒரே சாயங்காலத்தில் கிடைத்தது. அந்த அம்மா கட்டுப்போட்ட கையோடு வந்து என்னைக் கும்பிட்டார். ஒற்றைக் கையால்.

வெயில் இறங்க ஆரம்பித்ததும் வயரைச் சுருட்டினோம். காளிராஜ் மேடைக்குப் பின்னால் போனான். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது முழங்கையில் வயர்ச் சுருள் இருந்தது.

"அண்ணே... எ... எதிர்க்குழாய் லைனு... க... கள... கள..."

அந்தச் சொல் இரண்டு பக்கம் போகலாம். கழண்டு என்றால் தானாக நடந்தது. கழட்டி என்றால் அதற்கு ஒரு கை வேண்டும். அவன் 'கள'விலேயே நின்றுகொண்டிருந்தான். என்னால் தாங்க முடியவில்லை.

"கழண்டு கெடந்துச்சாக்கும்" என்றேன். "காத்து இந்த அடி அடிக்குதே."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் போட்ட முடிச்சு காற்றில் கழலாது என்று எங்கள் செட்டில் எல்லாருக்கும் தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அ... அப்படியே இருக்கட்டும்ணே" என்றான். மறுபடி வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

அதன்பிறகு அவன் மைக்கைத் தொடவில்லை. முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டான். அடுத்த சீசனில் வீட்டு வயரிங் வேலைக்குத் தனியாகப் போய்விட்டான். நான் ஓய்வு பெறும்வரை பொட்டல் மைக் என்னிடமே இருந்தது. எங்கே போனாலும் 'வாங்க, வாங்க' என்றார்கள். இப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமைதான். முன்பு அவன் குரலுக்காக. இப்போது, அன்று ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்பதற்காக.

உங்கள் செட்டில் யாராவது ஒரு சொல்லில் சிக்கி நின்றால் நீங்கள் முடித்து வைக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் அவர் வாயாலேயே வரட்டும். வரப்போவது உங்களைப் பற்றியதுதான் என்று தெரிந்தாலும் நின்று கேளுங்கள்.